17ஆம் நம்பர் எள்

பங்குனி மாதம் ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முட்டைத் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய டிபன் டப்பா வெளியே வந்தது. உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம், அதைச் சுற்றி விரல் நீளம்கூட இல்லாத 26 பிளாஸ்டிக் குழாய்கள். மூடி மேல் மார்க்கரில் எழுதிய எண்கள் பாதி அழிந்திருந்தன. "தூக்கிப் போடலாமா?" என்றார் கணவர். போடலாம்தான். நான் முதுகலை முடித்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் 17 என்று எழுதிய குழாயைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது எங்கள் அப்பாவின் எள்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரி நிலம்தான் அதிகம். மழையைப் பார்த்து மணிலா, அது இல்லையென்றால் எள். (மணிலா என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.) எள் விதை ஆயிரம் எண்ணி நிறுத்தாலும் மூன்று கிராம்தான் வரும், அதை அப்படியே கையில் அள்ளித் தூவினால் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் ஒன்றும் விழாது. அதனால் மணலோடு கலந்து தூவுவார் அப்பா. அறுவடை இன்னும் வேடிக்கை. காய் முழுக்கக் காயும்வரை விட்டால் வெடித்து விதையெல்லாம் மண்ணுக்குப் போய்விடும். கீழ்க் காய்கள் மஞ்சளாகும்போதே அறுத்து, போராக அடுக்கி, இலை உதிர்ந்ததும் வெயிலில் நிறுத்திக் காயவைத்து, தலைகீழாகப் பிடித்துத் தட்ட வேண்டும். தட்டியதில் நல்லதாக ஒரு படி எடுத்து, காய்ந்த வேப்பிலை போட்டு, பானையில் கட்டி வைத்துவிடுவார். அது அடுத்த வருட விதை. "உங்க ஆயா காலத்துலருந்து இதே எள்ளுதான், வெளியிலருந்து ஒரு மணி வாங்கினதில்ல" என்பது அவர் பெருமை.

அந்தப் பெருமையைத்தான் நான் 2011இல் குழாயில் அடைத்து லேபுக்கு எடுத்துப் போனேன்.

என் ஆய்வுத் தலைப்பு, மூலக்கூறு குறிப்பான்கள் கொண்டு எள்ளின் மரபணுப் பன்மையை மதிப்பிடுதல். ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால், "எந்த எள்ளு எந்த எள்ளுக்குச் சொந்தம்னு பார்க்கிறேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். சுருக்கமாக அதுதான் வேலையும். இனவிருத்தி செய்பவருக்கு இது அவசியம். ஒரே குடும்பத்துச் செடிகளைத் திரும்பத் திரும்பக் கலந்தால் புதிதாக ஒன்றும் வராது. தூரத்து உறவைத் தேடிப் பிடிக்க வேண்டும். விதையின் நிறம், செடியின் உயரம், கிளைகளின் எண்ணிக்கை இவற்றை வைத்துப் பிரிக்கலாம்தான். ஆனால் உயரம் மழையைப் பொறுத்தது, கிளை இடைவெளியைப் பொறுத்தது. டிஎன்ஏ மழைக்கும் வெயிலுக்கும் மாறாது.

அந்த டிஎன்ஏவை வெளியே எடுப்பதில்தான் எள் என்னை அழ வைத்தது. எள் இலையைத் தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று கஞ்சி மாதிரி ஆகிவிடும். எங்கள் ஆயா அதைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார். முடி பட்டாக இருக்கும். ஆயாவின் ஷாம்பூ என் டிஎன்ஏவில் வந்து சேர்ந்தது. திரவ நைட்ரஜன் ஊற்றி இலையைப் பொடித்து, சிடிஏபி என்ற சோப்பு மாதிரிக் கரைசலில் 65 டிகிரியில் ஊறவைத்து, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து ஐசோபுரோபனால் விட்டால் வெள்ளை நூலாக டிஎன்ஏ திரள வேண்டும். எனக்குத் திரண்டது ஜவ்வரிசிப் பாயசம். பிப்பெட்டில் உறிஞ்சினால் ஏறாது, ஏறினால் இறங்காது. அதை டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் பிசிஆர் மெஷினில் போட்டால் நொதி வேலையே செய்யாது. இரண்டு மாதம் இப்படியே போனது. "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது" என்று அம்மா சொல்லும் பழமொழி தினமும் ஞாபகம் வரும். கடைசியில் ஒரு சீனியர் அக்கா இரண்டே விஷயம் சொன்னார்: கரைசலில் உப்பைக் கூட்டு, முற்றிய இலையைத் தொடாதே, முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளான கன்றின் இலையை எடு. அடுத்த வாரமே நூல் திரண்டது. எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் இதை இவ்வளவு தெளிவாக நான் படிக்கவில்லை.

குறிப்பான் என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஜிஏ ஜிஏ ஜிஏ என்று. ஒரு செடியில் 12 தடவை, இன்னொன்றில் 15 தடவை. இந்த இடங்களைத்தான் எஸ்எஸ்ஆர் என்கிறோம். அந்தத் திக்கலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் பிரைமர்கள் என்ற குட்டி டிஎன்ஏ துண்டுகளைப் போட்டு, பிசிஆர் மெஷினில் அந்தத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுத்து, ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டால் நீளமானது மெதுவாகவும் குட்டையானது வேகமாகவும் நகரும். புற ஊதா விளக்கில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். ஒரே உயரத்தில் கோடு என்றால் அந்த இடத்தில் இரண்டு செடியும் ஒன்று.

இதற்கு முன்னால் ஆர்ஏபிடி என்ற முறை கொடிகட்டிப் பறந்தது. 1990இல் வந்தது. பத்தெழுத்துப் பிரைமர் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டுவிட்டு எங்கெல்லாம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் பிரதி எடுப்பது. மலிவு, பயிரைப் பற்றி முன்கூட்டி ஒன்றும் தெரிய வேண்டாம். ஆனால் இன்றைக்கு வந்த கோடு நாளைக்கு வராது. மெஷினை மாற்றினால் கோடும் மாறும். குறைகள் இருந்தும் எள்ளைப் பற்றி முக்கியமான ஒன்றை அது காட்டியது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 36 இந்திய எள் வகைகளையும் 22 வெளிநாட்டு வகைகளையும் ஆர்ஏபிடி வைத்து ஒப்பிட்டார்கள். இந்தியச் சேகரிப்பில்தான் வேறுபாடு அதிகம். எள்ளின் காட்டு உறவினர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் இருப்பதால் எள்ளும் அங்கேதான் பிறந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் பயிர் எள்ளோடு தடையில்லாமல் கலந்து நல்ல விதை கொடுக்கிற காட்டு எள் இந்தியாவில் இருக்கிறது. ஹரப்பாவில் கருகிய எள் விதைகளும் கிடைத்திருக்கின்றன. எள்+நெய்தான் எண்ணெய் ஆனது என்று எங்கள் தமிழ் ஐயா பத்தாம் வகுப்பில் சொன்னதை இங்கே ஆதாரமாகச் சேர்க்க முடியாது. ஆனாலும் கடலையிலிருந்து எடுத்தாலும் தேங்காயிலிருந்து எடுத்தாலும் எள்ளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பக்கத்து மேஜைத் தோழிக்கு நிலக்கடலை. அவள் நிலைமை என்னைவிட மோசம். கொத்துக்கடலை, கொடிக்கடலை, சிவப்புப் பருப்பு, வெள்ளைப் பருப்பு, மூன்று விதைக் காய் என்று கண்ணுக்கு அத்தனை வித்தியாசம் தெரியும். ஜெல்லில் போட்டால் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி. காரணம் கடலையின் பிறப்பு. தென் அமெரிக்காவில் இரண்டு காட்டு இனங்கள், ஆளுக்கு 20 குரோமோசோம், எப்போதோ தற்செயலாகக் கலந்து 40 குரோமோசோமோடு ஒரு செடி ஆனது. அதன் பிறகு அதனால் தன் காட்டுச் சொந்தங்களோடு எளிதில் கலக்க முடியவில்லை. அந்தக் குறுகிய வாசல் வழியாக வந்த வாரிசுகள்தான் நாம் வறுத்துத் தின்னும் கடலை முழுவதும். தோழி எத்தனையோ பிரைமர் போட்டுப் பார்த்து, ஒன்றிரண்டில் வேறுபாடு தெரிந்தால் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பாள். எள்ளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அப்போது எள்ளுக்கென்று உருவாக்கிய பிரைமர்களே குறைவு. 2005இல்தான் முதல் தொகுதி வெளியானது, அதில் பயன்படக்கூடியவை 10. எள்ளின் முழு மரபணுத் தொகுதியை 2014இல் சீனாவில் படித்து முடித்தார்கள். அடுத்த வருடமே 705 எள் வகைகளை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வந்தது. நான் அதற்கு முன்பே சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எல்லாம் நேரம்.

சரி, 17க்கு வருகிறேன்.

என்னிடம் இருந்த 26இல் சில வெளியிடப்பட்ட ரகங்கள், மற்றவை நான் பஸ்ஸில் போய் ஊர் ஊராகக் கேட்டு வாங்கிய நாட்டு எள். வெள்ளை எள்ளுக்கு எஸ்விபிஆர் 1 இருந்தது, கறுப்புக்குப் பையூர் 1 இருந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பழைய ரகமான டிஎம்வி 3 இரண்டாம் நம்பர். ஒவ்வொன்றிலும் பத்துக் கன்றுகளின் இலையைக் கலந்து டிஎன்ஏ எடுத்தேன். கோடு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எக்செல்லில் நிரப்பினேன். கண் பூத்துப் போகும் வேலை. பிறகு ஜக்கார்டு குணகம், அதாவது இரண்டு எள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் எண். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் ஜக்கார்டு 1901இல் ஆல்ப்ஸ் மலைச் செடிகளை ஒப்பிடப் போட்ட கணக்கு அது. அதன் அழகு என்னவென்றால், இரண்டு பேரிடமும் இல்லாததை அது கணக்கில் எடுக்காது. நம் இரண்டு பேர் வீட்டிலும் யானை இல்லை என்பதால் நாம் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டோம் இல்லையா, அந்த நியாயம்தான்.

கணினி மரம் மாதிரி ஒரு படம் வரைந்து கொடுத்தது. வெள்ளை ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் என்று பிரியும் என எதிர்பார்த்தேன், பிரியவில்லை. நிறம் வெறும் சட்டை என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் என்னைத் தூங்க விடாமல் செய்தது படத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடி. 2, 17. டிஎம்வி 3ம் அப்பாவின் எள்ளும் ஏறக்குறைய ஒன்று.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். குழாய் மாறியிருக்கும், 17க்குப் பதில் 2ஐயே இரண்டு தடவை ஊற்றியிருப்பேன். ராத்திரி பதினோரு மணிக்கு பிப்பெட் பிடிக்கும் ஆள் எதையும் செய்வாள். விதையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அதே முடிவு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அப்பா, நம்ம எள்ளு ஆயா காலத்தது இல்ல போல. திண்டிவனத்து ரகம் மாதிரி இருக்கு." கோபப்படுவார் என்று நினைத்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எங்க சித்தப்பா பையனும் நானும் ஒரே ஜாடை. அவன் எனக்குப் பொறந்தானா, நான் அவனுக்குப் பொறந்தேனா?" என்றார்.

அந்தக் கேள்வி என் ஆய்வேட்டின் மொத்தப் பக்கங்களையும்விடக் கூர்மையானது. ஏனென்றால் டிஎம்வி 3 எப்படிப் பிறந்தது என்று நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். தென்னாற்காடு நாட்டு எள்ளையும் மலபார் எள்ளையும் கலந்து உருவாக்கிய ரகம் அது. தென்னாற்காடு என்பது 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிவதற்கு முன் எங்கள் மாவட்டத்தின் பெயர். அப்படியானால் ரகம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். அல்லது எங்களைப் போன்றவர்கள் வீட்டு எள் ரகத்துக்குள் போயிருக்கலாம். கோடுகள் உறவு இருக்கிறது என்று சொல்லும்; யார் யாரிடமிருந்து வந்தார்கள் என்று சொல்லாது.

அப்போதுதான் பத்துக் கன்றை ஒன்றாக அரைத்தது தப்பு என்றும் பட்டது. கூட்டத்தில் ஒருவன் மட்டும் வேறு பாஷை பேசினால் காதில் விழாது இல்லையா, அது மாதிரி. வழிகாட்டியிடம் கெஞ்சி, 17இல் எட்டுச் செடி, டிஎம்வி 3இல் எட்டுச் செடி, தனித்தனியாக எடுத்தேன். டிஎம்வி 3இன் எட்டும் அச்சடித்த மாதிரி ஒன்று. அப்பாவின் எட்டில் ஆறு அவற்றோடு சேர்ந்தன. மீதி இரண்டு பல பிரைமர்களில் வேறு கோடு காட்டின. எள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர்தான் என்றாலும் தேனீ கொஞ்சம் கலந்துவிடும். நாட்டு எள்ளில் இப்படிக் கலவை இருப்பது அதிசயமில்லை. ஆய்வேட்டில் அதை ஒரு பத்தியாக எழுதி, முக்கியமான கண்டுபிடிப்பு மாதிரி தடித்த எழுத்தில் போட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்தப் பத்தியைத்தான் திறந்து வைத்திருந்தார். பன்மை அளவு, குறிப்பான்களின் திறனைச் சொல்லும் பிஐசி மதிப்பு எதுவும் கேட்கவில்லை. "மலபார் எள் எங்கேம்மா?" என்றார். டிஎம்வி 3இன் கோடுகளில் எவை தென்னாற்காட்டிலிருந்து வந்தவை, எவை மலபாரிலிருந்து வந்தவை என்று தெரிந்திருந்தால் விஷயம் முடிந்தது. மலபார் பக்கத்துக் கோடுகள் அப்பாவின் எள்ளிலும் இருந்தால் ரகம் எங்கள் பானைக்குள் நுழைந்திருக்கிறது. அவை மட்டும் இல்லாவிட்டால் அப்பா சொன்னதே சரி. என் 26இல் மலபார் எள் ஒன்றுகூட இல்லை. நான் போனதெல்லாம் எனக்குப் பஸ் கிடைத்த ஊர்கள். இத்தனை கோடு, இத்தனை கணக்கு, எல்லாம் நான் பையில் போட்டு எடுத்துவந்த எள்ளுக்குள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. "எதிர்காலத்தில் செய்யலாம் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எதிர்காலம் எங்கே செய்தது! வேலை, கல்யாணம், குழந்தை. இப்போது கோவையில் ஒரு விதைக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். விதை முளைக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. மூன்று வருடம் முன்பு கேரளத் தோழி ஒருத்தி ஓணத்துக்குப் போய்விட்டு ஒரு பொட்டலம் எள் கொண்டுவந்தாள். ஓணாட்டுக்கரை எள், 2022இல் புவிசார் குறியீடு வாங்கியது. நான் துள்ளிக் குதித்துவிட்டு, பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். ஓணாட்டுக்கரை ஆலப்புழை, கொல்லம் பக்கம். மலபார் வடக்கே. அந்த எள்ளில் உருண்டை பிடித்தோம், நன்றாகவே இருந்தது.

ஆக, ஃபிரிட்ஜ் டப்பா. 17ஆம் குழாயிலிருந்து 50 விதையை எடுத்து ஈரத்தாளில் பரப்பினேன். 31 முளைத்தன. அந்த வயது விதைக்கு இது மோசமில்லை. ஊரில் அப்பா எள் போட்டு ஐந்தாறு வருடம் ஆகிறது. தட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலத்தில் சவுக்கு வைத்துவிட்டார். பானை கரையானுக்குப் போனது. அதனால் அந்த 31 எனக்கு லேசில் விட மனசில்லாத 31 ஆகிவிட்டன. பன்னிரண்டு கன்றை மட்டும் மொட்டைமாடியில் பைகளில் நட்டேன், மீதி விதையை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

நாற்பது நாளில் பூ வந்துவிட்டது. பத்துச் செடி ஒரே மாதிரி, கிளை விட்டு, வெள்ளைப் பூ. இரண்டு மட்டும் ஒற்றைத் தண்டாக நெட்டையாக, தண்டில் சுணை, பூவில் ஊதா ஓடியது. படமெடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

"பாப்பா, அந்த நெட்டை ரெண்டும் நம்மளது இல்ல. புடுங்கிப் போடு. பூவோட விட்டா மத்ததையும் கெடுத்துடும்."

உடனே கூப்பிட்டேன். "இந்த மாதிரி முன்னாடியும் வருமா?"

"வராம? வருஷா வருஷம் நாலு முளைக்கும். உங்க ஆயா எனக்கு முதல்ல கத்துக்குடுத்தது அதத்தான். விதைக்கு எடுக்கிற பாத்தியில நெட்டைய நிக்க விடக்கூடாது."

எட்டில் இரண்டு. நான் தடித்த எழுத்தில் போட்ட பன்மையை, எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் களையென்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கப் பிடுங்க மீதி ஒரே சாயலாகத்தானே ஆகும்? டிஎம்வி 3 போல இருப்பது ரகம் புகுந்ததாலா, ஆயாவின் கை அப்படியே தேர்ந்தெடுத்ததாலா? கேள்வி மூன்றாகிவிட்டது. மலபார் எள் இன்னும் வரவில்லை. கண்ணூர்ப் பக்கம் யாருக்காவது பழைய நாட்டு எள் வைத்திருப்பவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு கைப்பிடி போதும்.

நெட்டைச் செடிகளில் கீழ்க் காய்கள் இந்த வாரம் மஞ்சளாக ஆரம்பித்துவிட்டன. வெடித்துச் சிதறாமல் இருக்கப் பழைய வேட்டித் துணியை வெட்டி இரண்டுக்கும் உறை போட்டு, 17-அ, 17-ஆ என்று சீட்டுக் கட்டிவிட்டேன். நேற்று அப்பா போனில், "புடுங்கியாச்சா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.